அவளுக்குக் கிடைத்த உபத்திரவம்

அவளைச் சபைக்கு அழைத்து வந்ததே நான்தான். அந்த நாட்களில் இதைக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்த இந்துக் குடும்பம். அம்மா, அண்ணன், அவள். நான் தாத்தா காலத்துக் கிறிஸ்தவள். சபைச் செயலாளர். ஞாயிறு பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவள். எந்த வசனம் எங்கே இருக்கிறதென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், “நீங்க கண்ண மூடி என்னக்கா சொல்றீங்க?” என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு என் காரில் வந்தாள். ஒரு வருடத்தில் ஞானஸ்நானம் எடுத்தாள்.

ஜெபிக்கும்போது அவள் அழுவாள். எனக்கு ஒருபோதும் அப்படி அழுகை வந்ததில்லை. முதலில் உறுத்தியது அதுதான்.

எங்கள் சபை அதே தாமானில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் நடந்தது. முன்சுவரில் சிலுவை வைத்த இரண்டாவது ஞாயிறு, ஆராதனை நடுவில் கீழே சத்தம் கேட்டது. தாமான்காரர்கள் முப்பது பேர் திரண்டிருந்தார்கள். எல்லா இனத்து முகங்களும் இருந்தன. சிலுவையை இறக்க வேண்டும், இங்கே சபை கூடக் கூடாது என்றார்கள்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். “சிஸ்டர், நீங்க நல்லா மலாய் பேசுவீங்க. கூட வாங்க.”

“பிள்ளைங்க பயந்து போயிருக்காங்க பாஸ்டர். நான் அவங்கள பாத்துக்கறேன்.”

பிள்ளைகள் பயப்படவில்லை. நோவாவின் பேழைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பயந்தது நான்தான்.

“நான் வரேன் பாஸ்டர்” என்று அவள் எழுந்து போனாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். முன்வரிசையில் அவளுடைய அண்ணனே நின்றிருந்தான்.

“இங்க என்னா பண்ற நீ? வீட்டுக்கு வா.”

“ஆராதன முடியல அண்ணே. முடிஞ்சதும் வரேன்.”

“இப்ப வரலன்னா இனிமே வராத.”

அவள் பாஸ்டர் பக்கத்தில் போய் நின்று, கூட்டத்தைப் பார்த்து மலாயில் பேசினாள். இலக்கணம் தப்புத் தப்பாக வந்தது. நாங்கள் பாடுகிறோம், ஜெபிக்கிறோம், உங்களுக்காகவும் ஜெபிக்கிறோம், மேலே வந்து பாருங்கள் என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. சண்டை வேண்டாமென்று பாஸ்டரே ஏணி போட்டுச் சிலுவையை இறக்கி உள்ளே கொண்டு வந்தார். கூட்டம் கலைந்தது.

மேலே வந்தவளைப் பெண்கள் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவள் சாட்சி சொன்னபோது சபையே அழுதது. உபத்திரவத்தைப் பற்றி இருபது வருடங்களாக நான் பாடம் நடத்துகிறேன். அது எங்கள் தெருவுக்கே வந்தபோது நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அது அவளுக்குக் கிடைத்தது.

அண்ணன் வராதே என்ற அன்று முதல் அவள் தங்கியது எங்கள் வீட்டில். என் அம்மா கூப்பிட்டு வைத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் அவளும் “அம்மா” என்று கூப்பிட ஆரம்பித்தாள். மீன் குழம்பில் எனக்கு வரும் தலைத்துண்டு அவள் தட்டுக்குப் போனது. காலையில் இருவரும் கைகோத்து ஜெபிப்பார்கள். நான் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவுவேன்.

மூன்றாவது வாரம், அவள் ஓவர்டைமில் இருந்த ஒரு மாலை, அவளுடைய அண்ணன் எங்கள் கேட்டுக்கு வந்தான். முகத்தில் பழைய கோபம் இல்லை.

“அம்மா சரியா சாப்பிடறதில்லக்கா. நீங்க சொன்னா தங்கச்சி கேக்கும்லா. சர்ச்சுக்குப் போகாம இருந்தா போதும், வீட்டுக்கு வரட்டும்.”

அவள் வந்ததும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பேசாம வீட்டுக்குப் போம்மா. கொஞ்ச நாளைக்குச் சர்ச் வேணாம். மனசுல நெனச்சா போதும், ஆண்டவர் எங்கயும்தான் இருக்காரு” என்றேன். கனிவான குரலில்தான் சொன்னேன். ஆனால் அவள் தோற்க வேண்டும் என்று விரும்பினேன். அவளும் என்னைப்போல ஒரு ஜன்னலுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும்.

“நீங்களாக்கா இதச் சொல்றீங்க?” என்றாள்.

நான் பாத்திரம் கழுவப் போனேன்.

சனிக்கிழமை அவள் துணிகளை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் சபையின் மாடிப்படி ஏறி வந்தாள். தன் அம்மாவின் காலைப் பிடித்து, “ஒங்கள விட மாட்டேன், இதையும் விட மாட்டேன்” என்று சொன்னாளாம். அந்த அம்மா அவளை வீட்டில் சேர்த்துக்கொண்டாராம். அண்ணன் பேசுவதில்லை, ஆனால் தடுக்கவில்லை. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன், வாயால் மட்டும்.

அடுத்த நாள் கேண்டீனில் நானே ஆரம்பித்தேன். “அன்னிக்கு ஒன் நல்லதுக்குச் சொல்லலம்மா. பொறாமைல சொன்னேன்.”

அவள் மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே, “தெரியும்க்கா” என்றாள். “அன்னிக்கே தெரியும். மூணு நாள் ஒங்கமேல பயங்கர கோவம்.”

“இப்ப?”

“இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதுக்காக ஒங்க கார்ல வராம இருப்பேனா?”

இருவரும் சிரித்தோம். அவள் சிரிப்பு முதலில் நின்றது.

சில மாதங்கள் கழித்து பாஸ்டரும் தாமான் குழுவும் உட்கார்ந்து பேசினார்கள். சிலுவை உள்ளேயே இருக்கட்டும், ஸ்பீக்கர் சத்தம் குறையட்டும், சபை கூடலாம் என்று முடிவானது. அவள் இப்போது ஞாயிறு பள்ளியில் எனக்குப் பக்கத்து வகுப்பை நடத்துகிறாள். அவளுக்குப் பாதி வசனங்கள் நினைவிருக்காது. பிள்ளைகள் அவளைத்தான் சுற்றி நிற்கிறார்கள்.

போன வாரம் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “டீச்சர், சாமி கும்பிடக் கூடாதுன்னு வீட்ல வெரட்டிட்டா என்னா பண்றது?” என்று கேட்டாள். எனக்கு ஏழு வசனங்கள் வாய்க்கு வந்தன. விழுங்கிக்கொண்டேன்.

“அந்த டீச்சரக் கேளு. அவங்களுக்குத்தான் தெரியும்” என்றேன்.

சொல்லும்போது வலித்தது. சிறுமி நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடினாள்.