சூசை அண்ணனுக்கு மட்டும் வெங்காயம் கிடையாது

வெங்காயம் விற்கிறவளுக்குக் கண் எரியும் என்று எல்லாரும் பாவப்படுகிறார்கள். கண் பழகிவிடும், பழகாதது காதுதான்.

ஈப்போவில், சிலிபின் பக்கம் காலைப் பாசாரில், அதாவது சந்தையில், என் கடை. சின்ன வெங்காயம், பம்பாய் வெங்காயம், பூண்டு, இஞ்சி, அவ்வளவுதான் சாமான். நீங்களும் எங்காவது கடை போட்டு நிற்கிறவர்களாக இருந்தால், வாங்க வந்தவர் சொல்லும் வைத்தியத்தையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவர்களாக இருந்தால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள். காலாவது கொஞ்சம் ஓயட்டும்.

குழம்புக்குக் கேட்கவில்லை

முன்பெல்லாம் சாம்பாருக்கு, ஊறுகாய்க்கு என்று சொல்லி வெங்காயம் கேட்பார்கள். இப்போது நோயின் பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள். போனில் ஒரு படம் வந்துவிடுகிறது. மேலே வெங்காயம், கீழே கொழுப்பு, பிரஷர், மூட்டுவலி என்று வரிசையாக எழுத்து. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் என்பதால் அவர்களே சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்கள். பின்னால் நிற்கிறவர்களும் கேட்டுவிட்டு ஆளுக்கொரு வியாதியைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் காம்பாரிலிருந்து ஒரு பெண் வந்தாள். எந்த வெங்காயம் நல்லது என்று கேட்டாள். இப்படிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நானும் சந்தோஷமாக ஆரம்பித்தேன். இந்தியா சின்ன வெங்காயத்தில் காரம் ஜாஸ்தி. புளிக்குழம்பில் முழுசாகப் போட்டால் கரையாமல் நிற்கும். சயாம் வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, சூடு குறைத்துப் பொரித்தால் மொறுமொறுவென்று வரும், கஞ்சிமேல் தூவலாம். பம்பாய் வெங்காயம் இனிப்பு, தயிர்ப் பச்சடிக்கு அதுதான். நல்லெண்ணெயில் வெங்காயம் நிறம் மாறிய பிறகுதான் புளி ஊற்ற வேண்டும் என்று குழம்பை இறக்கி வைக்கிற வரைக்கும் போய்விட்டேன். மரியாதையான பிள்ளை, நடுவில் பேசவில்லை. முடித்ததும் சொன்னாள்:

"கொழம்புக்குக் கேக்கல ஆன்ட்டி. அரைச்சுத் தலையில தேய்க்க. முடி கொட்டுதுலா."

தேனில் ஊறியது

சூசை அண்ணன் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்ததும் ஈப்போவுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாகச் சேர்ந்தார். ராத்திரி முழுக்க கேட்டில் காவல். மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. கேட்டுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த அறை. நாங்கள் ஒரே கோவிலுக்குப் போகிறவர்கள், அதனால் நான் அவருக்குத் தங்கச்சி. வேலை முடிந்ததும் பூட்ஸ் சப்பாத்தோடு நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார்.

அவருக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி. என் வீட்டுக்காரரையும் அந்த நோய்தான் கொண்டுபோனது, முதலில் ஒரு காலை, பிறகு ஆளை. அதனால் அண்ணனை விடாமல் கேட்பேன், மாத்திரை போட்டீர்களா என்று. மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, கேட்டில் நிற்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன் என்றார். அதற்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தை ஊறவைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் தின்கிறாராம். யாரோ போனில் அனுப்பியது. எதில் ஊறவைக்கிறீர்கள் என்று கேட்டேன். தேனில் என்றார். இனிப்புநீர்க்காரர் தேன் சாப்பிடலாமா அண்ணே, அதுவும் சீனி மாதிரிதானே என்றால், ஏதோ நான் பாவம் செய்த மாதிரி பார்த்தார்.

"தேன் பூவுலேருந்து வருது தங்கச்சி, சீனி மில்லுலேருந்து வருது. ரெண்டும் எப்படி ஒன்னாவும்?"

அமோயின் வைத்தியம்

எனக்குப் பக்கத்துக் கடை ஒரு சீன அம்மாவுடையது. பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், இருந்தாலும் பாசாருக்கு அவள் இன்னும் அமோய்தான், சின்னப் பொண்ணு. வெங்காயத்தழையும் கூச்சாய்க் கீரையும் விற்கிறாள். கூச்சாய் என்றால் புல் மாதிரி இருக்குமே, பூண்டு வாசனையோடு, முட்டையில் போட்டுப் பொரிக்கிறது, அதுதான். பாசாரிலேயே கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது, எங்கேயும் முட்டாமல் ஓடும்.

அவளிடமும் கேட்கிறார்கள், இது எந்த வியாதிக்கு நல்லது என்று. அதே கேள்வி என்னிடம் வந்தால் எனக்கு வாய் குழறும். ஏனென்றால் நானே இருமலுக்குச் சின்ன வெங்காயத்தைச் சுட்டுப் பனைவெல்லத்தோடு தின்கிறவள். வெயில் நாளில் பழைய சோற்றுக்குப் பச்சை வெங்காயத்தைக் கடித்தால் உடம்பு குளிரும் என்று நம்புகிறவள். முழுசாக இல்லை என்று சொல்லவும் மனசு வராது, ஆமாம் என்றால் மறுநாள் கிட்னிக்குக் கேட்டு வருவார்கள். அமோய்க்கு இந்தத் தொல்லையே இல்லை. தழையைக் கட்டிக்கொண்டே எல்லாருக்கும் ஒரே பதில்தான்:

"இது சாப்பாடு லா. மருந்து வேணும், கிளினிக் போ."

மூட்டையில் இல்லை

வலை மூட்டையில் ஒரே ஒரு வெங்காயம் அழுகினாலும் எனக்குத் தெரிந்துவிடும். திறக்கவே வேண்டாம், பக்கத்தில் குனிந்தால் போதும். இனிப்பும் நாற்றமும் கலந்த ஒரு வாடை. அது வந்தால் உடனே சாக்கில் கொட்டிப் பரப்பி, கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காற்றாட விட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சுற்றி இருப்பதெல்லாம் போய்விடும்.

அன்றைக்குக் காலையில் அந்த வாடை வந்தது. ஒரு மூட்டையைக் கொட்டினேன், ஒன்றுமில்லை. அடுத்ததையும் கொட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறேன், எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது, வாடை மட்டும் போகவில்லை. சூசை அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, வயசாச்சு தங்கச்சி, மூக்கும் ரிட்டையர் ஆயிடுச்சு என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் காலில் பூட்ஸ் இல்லை. சிலிப்பர் போட்டிருந்தார், ஒரு பாதத்தில் பழைய கைலித்துணிக் கட்டு. உருண்டுபோன வெங்காயத்தை எடுக்க அவர் காலடியில் குனிந்தேன். அப்போதுதான் தெரிந்தது, வாடை மூட்டையிலிருந்து வரவில்லை.

பூட்ஸ் கடித்த புண்ணாம். பால்வெட்டுக் கத்தி பட்டால் தோட்டத்தில் கட்டுவார்களே, அதேபோல வெங்காயத்தையும் மஞ்சளையும் இடித்துக் கட்டியிருக்கிறார். அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. வலிக்கவில்லையா அண்ணே என்றேன். அவருக்கு அதில்தான் பெருமை.

"கட்டுனதுலேருந்து வலியே இல்ல தங்கச்சி. கிள்ளித்தான் பாரேன், ஒன்னுமே தெரியாது."

விற்க மாட்டேன்

என் வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னார், கிட்டத்தட்ட இதே வார்த்தையில். வலி இல்லை என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். அதை அண்ணனிடம் சொன்னேன், இப்போதே கிளினிக்குப் போகலாம் வாங்க என்றேன். அவர் அசையவில்லை. கிளினிக்கில் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கே காலை எடுப்பார்கள், ஒத்தைக் கால்காரனுக்கு எவன் ஜாகா வேலை கொடுப்பான், வேலை போனால் அறையும் போகும், அப்புறம் நான் எங்கே போய்ப் படுப்பேன் என்று கேட்டார். பையை விரித்து நீட்டினார். கட்டு மாற்ற வேண்டும், எப்போதும் போல வெங்காயம் போடு என்றார்.

நான் சாக்கை இழுத்து வெங்காயத்தை மூடினேன். யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன், உங்களுக்குக் கிடையாது என்றேன். ஊரிலே உன் கடை ஒன்றுதானா என்று முனகிக்கொண்டு, நொண்டி நொண்டி அடுத்த வரிசைக்குப் போனார். பாசாரில் நின்ற தொண்டை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அவர் தலைக்கு மேலே குரல் கொடுத்தேன், இந்த அண்ணனுக்குக் கால் அழுகுது, யாரும் வெங்காயம் கொடுக்காதீங்க என்று. காய்கறிக் கடையில் கையை விரித்தார்கள். மசாலைக் கடைக்காரர் பூண்டுக் கூடையைக் கூட உள்ளே இழுத்துக்கொண்டார். கடைசியில் அவர் அமோய் கடை முன்னால் வந்து நின்றார். முகத்தில் கோபம் போய் பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் வெங்காயத்தழை மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினாள். என் கடையைத் தான் பார்த்துக்கொள்வதாக எனக்குக் கை காட்டிவிட்டு, அவரை ஸ்டூலில் உட்காரவைத்துச் சொன்னாள்:

"அண்ணே, கிளினிக்ல கால் சீக்கிரம் காட்டு. வெங்காயம் எங்கயும் ஓடாது லா."

விரலோடு நின்றது

வண்டி பிடித்து அண்ணனைக் கூட்டிப்போனேன். கிளினிக்கில் பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கையெல்லாம் வெங்காயத் தோல், பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். சுண்டுவிரலை எடுத்தார்கள், பாதம் தப்பியது. தலை சுற்றுகிற மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தேன் கூடவே கூடாது என்று நர்ஸ் பிள்ளை சொன்னபோது அண்ணன் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். தொழிற்சாலையில் அறைச் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. புண் ஆறியதும் நாற்காலி போட்டு உட்கார்ந்தே கேட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஒழுங்காகச் சோறு தின்றார்.

அடுத்த முறை கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருவர் படுத்திருந்தார். அவருக்கும் காலில் கட்டு. சூசை அண்ணன் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். விரலோடு நின்றதே வெங்காயம் கட்டியதால்தானாம், இல்லாவிட்டால் முட்டி வரைக்கும் போயிருக்குமாம். நான் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தேன். மறுநாள் காலையில் அந்த நோயாளியின் மனைவி என் கடை முன்னால் பையை விரித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, சூசை அண்ணே கட்டுன வெங்காயம் வேணும். கால காப்பாத்துமாமே?"

வெங்காயம் விற்பதற்கு ஒரு தராசு போதும். விற்காமல் இருப்பதற்குத்தான் தொண்டை கிழியக் கத்தி, கடையை அடுத்தவளிடம் விட்டு, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார வேண்டியிருக்கிறது.