நாற்பத்தைந்து எழுத்து

எங்கள் எச்.ஆர். மேனேஜருக்கு ஒரு கிறுக்கு உண்டு. நீள நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளைச் சேர்ப்பார். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், அதனால் அடுத்தவனுக்குத் தொல்லை கிடையாது. இவர் சேர்த்ததையெல்லாம் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டினார்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை அது. மணலில் அச்சு செய்து, அதில் உருக்கிய இரும்பை ஊற்றி, ஆறியபின் மணலை உதறிவிட்டு, ஒட்டிய மிச்ச மணல் தூசியாய்ப் பறக்கப் பறக்கக் கிரைண்டிங் போடுவார்கள். நான் டெஸ்பாட்ச் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிறவள். மணவாள நகரிலிருந்து பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போகிற நேரம் முழுக்க போனில், எழுத்துகளைப் பலகையில் அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை கட்டுகிற எழுத்துக்கட்டை விளையாட்டு ஆடுவேன். ஒருநாள் கேன்டீனிலும் ஆடிக்கொண்டிருந்தபோது மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டார். "ஓ, நீங்க வேர்ட் கேம் பிளேயரா? வெரி குட்!" என்றார். அன்றைக்கே என்னை இங்கிலீஷ் கிளப்புக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார். அப்படியொரு கிளப் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த விளையாட்டில் கையில் ஏழு எழுத்துதான் இருக்கும். பலகையில் வரிசைக்குப் பதினைந்து கட்டம். நம் மேனேஜருக்குப் பிடித்த வார்த்தையோ 'ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன்'. இங்கிலீஷில் இருபத்தொன்பது எழுத்து. அதை வைக்க வேண்டுமானால் பலகையை விட்டு இறங்கி, டேபிளைத் தாண்டிப் போக வேண்டும். ஒன்றைச் சல்லிக்காசுக்குப் பெறாதது என்று ஒதுக்குவதாம் அதற்கு அர்த்தம். 'சீ' என்று நாம் ஓரெழுத்தில் முடிக்கிற வேலை. ஒருமுறை என்னோடு ஆட உட்கார்ந்தார். இரண்டெழுத்தும் மூன்றெழுத்துமாகப் போட்டே அவரைத் தோற்கடித்தேன். "சின்னச் சின்ன வேர்ட்ஸ் எல்லாம் சீட்டிங் மாதிரி" என்று எழுந்து போனவர், அதற்குப்பின் என்னோடு ஆடவே இல்லை.

கேன்டீனில் கை கழுவும் இடத்துக்கு மேலே தினம் ஒரு வார்த்தையும் அதன் தமிழ் அர்த்தமும் ஒட்டுவது என் வேலை. 'செஸ்குவிபிடேலியன்' என்று ஒன்று. ஒன்றரை அடி நீளத்துக்கு வார்த்தை பேசுகிற ஆள் என்று பொருள். தன்னைத்தான் சொல்கிறது என்று அவருக்கு உறைக்கவே இல்லை. "இன்னாபா இது, கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கினே கீது?" என்று மோல்டிங் ஆட்கள் கிண்டலடித்துக்கொண்டே வாய் கொப்பளிப்பார்கள்.

கிரைண்டிங்கில் ஓர் அண்ணன் இருந்தார். சோழவரம் பக்கம். அவர் அப்பா ஏர் பிடித்தவர், இவர் பதினைந்து வருடமாகக் கிரைண்டிங் மெஷின் பிடிக்கிறவர். ஒரு வருடமாக விடாத இருமல். வேறு செக்‌ஷனுக்கு மாற்றுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டதற்கு, "முதல்ல பீடியை விடுங்க" என்று பதில் வந்ததாம். பீடியைக் கையால் தொடாத மனிதர்! "எதுவா இருந்தாலும் ரைட்டிங்ல குடுங்க, இங்கிலீஷ்ல" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் என் ஜன்னலுக்கு வந்தார்.

"உனுக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாச்சே. ஒரே ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. நெஞ்சுல படம் எடுக்கணும், மணலு இல்லாத எடத்துக்கு மாத்தணும். அவ்ளோதான்."

"ஆண்டு விழா போட்டி முடியட்டும் அண்ணா, எழுதித் தரேன்" என்றேன்.

மூன்று வாரம் வந்து வந்து கேட்டார். மூன்று வாரமும் அதே பதில்தான் சொன்னேன். பத்து நிமிஷ வேலை.

போட்டி என்னவென்றால், நீளமான வார்த்தை ஒன்றைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். பட்டியல் போட்டது நான். கடைசி வார்த்தை நாற்பத்தைந்து எழுத்து: 'நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிக்கோவால்கனோகோனியோசிஸ்'. நீளத்துக்காகவே எவனோ வேலையற்றவன் செய்து வைத்தது. 'மிக நுண்ணிய மணல்தூசியைச் சுவாசிப்பதால் வரும் ஒரு நுரையீரல் நோய்' என்று பக்கத்தில் அர்த்தம் எழுதியிருந்தேன். மேனேஜர் அதைப் படித்தார். "டூ மச் டீட்டெய்ல்" என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். 'ஒரு நோய்' என்பது மட்டும் மிஞ்சியது. எனக்குப் புரியாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டு அப்படியே டைப் அடித்துக் கொடுத்தேன்.

அந்த வார்த்தையை ஒப்பிக்கப் பெயர் கொடுத்தவர் கிரைண்டிங் அண்ணன் ஒருவர்தான். "ஜெயிச்சா பெரிய முதலாளியே கை குடுப்பாராமே. அப்போ நேரா கேட்டுடறேன். உன் லெட்டருக்குக் காத்துக்கினு இருந்தா ஆவாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

விழாவன்று அந்த வார்த்தையைத் தமிழில் துண்டு துண்டாக எழுதி மனப்பாடம் செய்து வந்திருந்தார். பாதியில் இருமல் வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி இருமல். மூன்றாம் தடவை முழுசாகச் சொல்லி முடித்தார். விசில் பறந்தது. முதலாளி கை கொடுத்து, "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டார்.

"ஒரு நோவு சார். இன்னா நோவுன்னு போடலே. சார், எனுக்கும் நெஞ்சுல..."

மேனேஜர் பாய்ந்து மைக்கை வாங்கினார். "வால்கனோன்னா எரிமலை சார், அது பக்கத்துல இருக்கறவங்களுக்கு வரது. வெரி வெரி ரேர்." எல்லோரும் சிரித்தார்கள். பரிசு ஹாட்பாக்ஸை அண்ணன் கையில் திணித்து, போட்டோ எடுத்து, கீழே இறக்கிவிட்டார்கள். அடுத்தது குத்துப்பாட்டு நடனம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். மேனேஜரைக் கண்டால் எனக்குக் குமட்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், பல்லைக் காட்டிக்கொண்டு கை தட்டினேன்.

மறுநாள் டீ நேரத்தில் அண்ணன் என் ஜன்னலுக்கு வந்தார்.

"நம்மூர்ல எரிமலை எங்கம்மா கீது? நீதான லிஸ்ட் போட்ட? அது இன்னா நோவு, சொல்லு."

சொன்னேன்.

"அப்போ உனுக்குத் தெரியும்."

"உங்களுக்கு இருக்கறது அதுதான்னு யார் சொன்னது அண்ணா? நெஞ்சுல படம் எடுத்தாத்தானே தெரியும்..." என்று உளறினேன்.

"அதத்தாம்மா மூணு வாரமா உன்கிட்ட கேட்டுக்கினு கீறேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றி, "லெட்டருக்குப் பேப்பர எடு" என்றார். "நோவு பேர நான் சொல்றேன், நீ எழுது."

எழுதினேன். நடுவில் இரண்டு முறை நிறுத்தி இருமினார். ஓரெழுத்தும் விடவில்லை.