இரண்டு முறை வந்த பெயர்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பழைய டேட்டாபேஸில் இருந்த தொழிலாளர் பட்டியலைப் புதியதற்கு மாற்றித் தரச் சொல்லியிருந்தார்கள்.

பழையதில் எதை வேண்டுமானாலும் தட்டலாம். வயதுக் கட்டத்தில் 'நாப்பது இருக்கும்' என்று எழுதி வைத்திருந்தான் ஒரு புண்ணியவான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயதுக்கு எண் மட்டும், சேர்ந்த நாளுக்குத் தேதி மட்டும் என்று ஒவ்வொரு கட்டத்தையும் இறுக்கினேன். ஆள் பெயர், கணவர் பெயர், ஊர் மூன்றும் ஒன்றாக வந்தால் இரண்டாவது வரியை ஏற்கக் கூடாது என்று விதியும் போட்டேன். பதினொரு வரிகள் வெளியே விழுந்தன. ஒரே ஆளை இரண்டு தடவை தட்டியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அவற்றை அழித்தேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையும் முழுதாக அழித்துக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும் குலசாமி பேரைத்தான் வீட்டுக்கு வீடு வைப்பார்கள். என் அத்தைகள் இரண்டு பேருக்கும் ஒரே பேர். எனக்கு மூளை எங்கே போயிருந்ததோ!

தீபாவளி சீசனில் வெடிமருந்து அறை தீப்பிடித்து, ஆமத்தூரிலிருந்து வேனில் வந்துபோன பெண் ஒருத்திக்குக் கையும் கழுத்தும் வெந்துபோயின. கம்பெனி ஆள் என்று எழுதிக் கொடுத்தால்தான் மதுரையில் பெரிய சிகிச்சை. மறுநாள் மேனேஜர் என் பட்டியலை விரித்தார். அந்தப் பேரில், அந்தப் புருஷன் பேரில், அந்த ஊரில் ஒருத்திதான், அவள் இன்றைக்கும் நன்றாக வேலைக்கு வந்திருக்கிறாள் என்றார்.

நான் அழித்த பதினொன்றில் ஒன்று இவளுடையது. ஓடிப்போய் விதியை எடுத்துவிட்டு அவள் வரியைச் சேர்த்தேன். வரி பதிவான நாளைத் தானாகவே எழுதிக்கொள்ளும் கட்டம் ஒன்றையும் கெட்டிக்காரத்தனமாக வைத்திருந்தேன். அது தன் வேலையைச் செய்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி அச்சடித்த தாளில் அந்த நாளைத் தொட்டுக் காட்டினார். "விபத்துக்கு மறுநாள்ல சேத்திருக்கீங்க."

அவள் புருஷன் என்னைப் பார்த்தார். "அஞ்சு வருசமா அங்கனதேன் வேனேறிப் போனா. நீங்க எழுதுனாத்தேன் வேல பாத்ததா ஆகுமா சார்?"

அவள் பேர் முன்பே இருந்தது, நான்தான் அழித்தேன் என்று சொன்னால் போதும். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை போய்விடும் என்று பயம்.

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்றேன்.