தொங்கிய மெஷினைக் கையால் பிடிக்கச் சொன்னேன்

மொரப்பூருக்குப் பக்கத்தில் மாவு மில் நடத்துகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மிளகாய் அரைக்கப் புது மெஷின் வாங்கினேன். அது லாரியில் வந்த அன்று, இறக்குவதற்கு ஒரு கிரேன் வந்திருந்தது; சுமை இறக்கும் தொழிலாளி மாதையனும் வந்திருந்தார்.

கிரேன் தூக்கியதும் மெஷின் அந்தரத்தில் சுழல ஆரம்பித்தது. "லாரியிலயே திரும்ப வெச்சுட்டு, ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, எட்டி நின்னு புடிச்சுக்கலாங்க. அரை மணி நேரம் ஆகும்" என்றார் கிரேன் டிரைவர். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மோட்டார் நனைந்துவிடுமே என்ற பதற்றத்தில் நான்தான், "மாதையா, கொஞ்சம் கையில புடிச்சுத் திருப்புப்பா" என்றேன். "சரிங்கக்கா" என்று அவர் அடியில் போய் நின்றார்.

மெஷினைக் கிரேனில் மாட்டியிருந்த பெல்ட் நழுவியது. மெஷின் அவர் இடுப்பின் மேல் விழுந்தது. தருமபுரியிலும் சேலத்திலும் காட்டினோம். முதுகுத்தண்டு நசுங்கிவிட்டது, இனி நடக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள்.

மெஷினுக்கு ஒரு கீறல்தான். இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போதெல்லாம் கயிறு கட்டாமல் எதையும் தூக்க விடுவதில்லை. அடியில் யாரையும் நிற்க விடுவதில்லை. மழை வந்தால் நனையட்டும் என்று இருந்துவிடுகிறேன். போன வாரம் மாதையனைப் பார்க்கப் போனபோது, ஏதாவது பேச வேண்டுமே என்று இதைச் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார்:

"அன்னைக்கு எட்டி நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பாருங்கக்கா. நீங்க சொன்னா கேக்கறவருதானுங்களே."