முன்வரிசை விருந்தாளிகள்

சிங்கப்பூரில் புக்கிட் மேராவில் குடியேறிய புதிதில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் மேடை போட்டு சீனப் பாட்டுக் கச்சேரி நடந்தது. கூட்டம் நெரிந்தாலும் முன்வரிசை மட்டும் காலி. ஊரில் அந்த வரிசை பிரமுகருக்கும் அவர் மச்சானுக்கும்தான்; எனக்கு வாய்த்ததே இல்லை. விடுவேனா? நட்டநடுவில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். இங்கேயே பிறந்த தமிழர், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர்.

"எந்திரிங்க லா! இது சீனவங்களுக்குப் பேய் மாசம். அந்த வரிசை செத்தவங்களுக்கு."

"சர்ச்சுக்குப் போற நீங்க இதை நம்புறீங்களா?"

"நான் எதுக்கு நம்பணும்? அவங்க கூப்பிட்ட விருந்தாளி சீட்டுல நாம உட்காரலாமா?"

முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் வரிசைக்குப் போனேன். கச்சேரி நேரத்துக்குத் தொடங்கியது. முன்னால் எந்தத் தலையும் மறைக்கவில்லை. யாரும் எழுந்து நின்று செல்ஃபி எடுக்கவில்லை. யாருக்கும் மாலை போடுவதற்காகப் பாட்டை நிறுத்தவில்லை.

முன்வரிசையில் உட்காரும் நாகரிகம் செத்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.