நான் 'செம்மரம்' என்று எழுதிய இலை

மரத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லும் பைத்தியம் எனக்குப் பத்து வருஷமாக உண்டு. செம்மரத்தை மட்டும் காட்டில் பார்த்ததில்லை. அதற்காகத்தான் ஜனவரி கடைசி ஞாயிறு ஆந்திராவில் இருக்கும் புத்தூர் மலைக்குக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர். தூக்கத்தைத் தியாகம் செய்து, பை தூக்க வந்தார்.

அரக்கோணத்தில் ரயிலேறி, ஏழேகாலுக்குப் புத்தூர். இருவருக்கும் இட்லி எண்பது ரூபாய். அடிவாரம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோ போக வர அறுநூறு. வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிவிட்டு எட்டரைக்கு நடக்க ஆரம்பித்தோம். மலை மேல் இருக்கும் சுனை வரை நான்கு கிலோமீட்டர், பாதி தூரம் கல்லும் முள்ளும்தான்.

வழியெல்லாம் நான் வாயை மூடவில்லை. இலையைக் கிள்ளினால் பால் வரும், அது வெட்பாலை. பொடிப்பொடி இலையோடு நிற்பது உசில். மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு மரம், பட்டையில் ரத்தம் மாதிரி சிவப்புப் பிசின். கீழே வட்ட வட்டமாகத் தட்டைக் காய்கள். வேறென்ன, செம்மரம்தான். விழுந்து கிடந்த, இலைகளோடு கூடிய ஒரு காம்பையும் இரண்டு காய்களையும் செய்தித்தாளில் மடித்து, வழக்கம்போல மேலே கொட்டை எழுத்தில் பெயர், இடம், தேதி எழுதி என் வீட்டுக்காரர் தூக்கி வந்த பையில் வைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

சுனையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தோம்; பன்னிரண்டே முக்காலுக்குச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். காவலருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களிடம் தெலுங்கில் ஆரம்பித்தவர், தாளைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பமாம். என் எழுத்தைத் தடங்கலில்லாமல் படித்தார்.

"ஏம்மா, செம்மரம்னு நீயே எழுதி வச்சிக்கினு வந்து நிக்கிறியே?"

செம்மரக் கடத்தலுக்கு ஆளைப் பிடித்து உள்ளே போடும் இந்த மலையில் அந்தப் பெயர் விளையாட்டில்லை. பையைத் தூக்கி வந்ததோ என் வீட்டுக்காரர். அரசு வேலைக்காரர் மேல் ஒரு வழக்கு வந்தால் சஸ்பென்ஷன்தான். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

காவலர் தாளைப் பிரித்து இலையை என் பக்கம் நீட்டினார். "செம்மரத்துக்கு ஒரு காம்புல பெரும்பாலும் மூணு இலதான். இதுல எத்தினி? எண்ணு."

எண்ணினேன். ஏழு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். ஏழேதான்.

"இது வேங்கம்மா. அதுக்கும் செகப்புப் பிசின் வரும். படிச்சவங்க, இதுகூடத் தெரியலியா?"

ஒரு மரத்தின் பெயரைத் தப்பாகச் சொன்னதற்காக நான் இவ்வளவு நிம்மதிப்பட்டது இதுவே முதல் தடவை. அழுகையே வந்துவிட்டது. வேங்கையானாலும் காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று கண்டித்து, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டச் சொன்னார். தாளை அவரே சுக்குநூறாகக் கிழித்தார்.

போகிறவர்களுக்கு: சாவடியில் கேட்காமல் ஏறாதீர்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். இலையைக் காம்போடு, பட்டையை, காயைக் கிடக்கிற இடத்திலேயே படம் எடுங்கள். பையில் எதுவும் வேண்டாம். பெயர் எழுத அவசரமே வேண்டாம்.

புத்தூர் ஸ்டேஷனில் ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்து, "இது என்ன மரம்?" என்றார்.

"தெரியலைங்க" என்றேன்.

"அப்பாடா" என்று காலை நீட்டினார்.