வலது பக்கக் கதவுகள்

என் அம்பாசடர் காரின் இடது பக்கக் கதவுகளைத் திறந்தால் உள்ளே அரக்கு நிற ரெக்சின் ஒட்டிய பலகை சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வலது பக்கக் கதவுகளில் வெறும் தகரம். பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். என் அண்ணனைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கார் அப்பாவுடையது. பாகம் பிரித்தபோது பெருமாநல்லூர் பனியன் கம்பெனி அண்ணனுக்குப் போனது. எனக்குக் கொஞ்சம் நிலமும் இந்தக் காரும். "பழைய இரும்புதானுங்க, தம்பியே வெச்சுக்கட்டும்" என்று அண்ணன் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எங்கள் பேச்சு நின்றது.

அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானபோது, பெண்ணை மண்டபத்துக்கு எந்தத் தாய்மாமன் காரில் அழைத்துப் போவது என்ற கேள்வி வந்தது. அண்ணனிடம் கப்பல் போல ஒரு வெள்ளைக் கார் இருந்தது. பெண்ணோ தாத்தா காரில்தான் வருவேன் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்கா வந்து கதவைத் திறந்து பார்த்தாள். உள்பலகைகள் மழைத் தண்ணீர் குடித்து உப்பி, தொட்டால் அப்பளமாக நொறுங்கின.

"இந்தத் தகரத்துல பட்டுச்சேலை மாட்டுனா என்னாகும்? கதவு நாலும் சரியானா உன்ற கார். இல்லீன்னா பெரியவன் காருதான்" என்றாள்.

திருப்பூர் உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற ஊர். ஒரு காருக்கு வேண்டிய ரெக்சின் இல்லை. கோயம்புத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "இதையெல்லாம் இப்ப யாருங்க போடறாங்க, புது டிசைன் பாருங்க" என்று புலித்தோல் மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினான் ஒருவன். அப்படியே அவன் தலையில் போர்த்திவிட்டு வந்திருக்க வேண்டும். கடைசியில் பல்லடம் ரோட்டில் ஒரு சீட் கவர் கடையின் பரணில், எங்கள் சீட்டின் நிறத்திலேயே, வரி வரியாகக் கோடு போட்ட துண்டு கிடைத்தது. அளந்து பார்த்தால் நாலு கதவுக்குச் சரியாக இருந்தது, ஒரு சாண் கூட மிச்சமில்லை. வேறு எங்கும் இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தார்.

பலகைகளை ஆசாரியிடம் அறுத்து வாங்கினேன். ரெக்சினை வெட்டப் போகும்போது அக்கா குறுக்கே வந்தாள். "வெட்டறத அண்ணன் செய்யட்டும் சாமி. ரெண்டு பேரும் சேந்து செஞ்ச மாதிரி இருக்கும்." சமாதானம் பண்ணி வைக்கிறாளாம். மறுக்க முடியவில்லை. அண்ணன் கத்தி பிடித்தால் நூல் பிசகாது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ரெக்சினையும் காகிதத்தில் வெட்டிய பேட்டர்னையும் அக்காவிடமே கொடுத்தனுப்பினேன். முன்கதவுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று.

வெட்டி வந்தது. இடது பக்கம் ஒட்டி, கிளிப் அடித்து மாட்டினேன், அவ்வளவு அழகு. வலது பக்கத்துக்கு எடுத்து வைத்தால் கைப்பிடித் துளை எதிர்ப்பக்கம் வருகிறது. திருப்பிப் போட்டால் ரெக்சினின் அடித்துணி மேலே தெரிகிறது. எல்லாம் இடது பக்கத்துக்கே வெட்டப்பட்டிருந்தது.

எங்கள் ஊரில் பனியன் துணி குழாய் மாதிரி பின்னி வரும். மேஜையில் பரப்பினால் தானாகவே இரண்டு மடிப்பு, ஒன்று மேல்முகம், ஒன்று கீழ்முகம். ஒரே பேட்டர்னில் வெட்டினால் வலது கையும் இடது கையும் ஜோடியாக விழும். ரெக்சின் அப்படியில்லை, ஒற்றை. அண்ணன் ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டும் மேல்முகமாக வைத்து வெட்டியிருக்கிறார்.

துண்டுகளை அள்ளிக்கொண்டு கம்பெனிக்குப் போய், வேலையாட்கள் பார்க்கப் பார்க்க அவர் மேஜையில் வீசினேன். எடுத்தார், திருப்பினார், மறுபடியும் திருப்பினார்.

"துணியா இருந்தா ஜோடி தன்னால வந்திருக்கும்..."

"வேணும்னே பண்ணீட்டீங்க."

அவர் முகம் சிவந்தது. "ஏண்டா, நீ மட்டும் ஒரு பக்கத்துக்குத்தான பேட்டர்ன் குடுத்த? நீயும் இதே மேசைல வளந்தவன்தான?"

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் திருப்பிச் சொன்னதும் அந்த ரகம்தான்.

அக்கா இரண்டு பேரையும் நிற்க வைத்துத் தீர்ப்புச் சொன்னாள். "பொண்ணு எடது பக்கம் உக்காந்துக்கட்டும். இந்தக் காருதான் போகோணும். வெட்டுனவன் பின்னால தகரத்துப் பக்கம் உக்காரட்டும். வெட்டக் குடுத்தவன் முன்னால உக்காந்து ஓட்டட்டும்."

அப்படித்தான் போனோம். எனக்கு நேர் பின்னால் அவர். வழி முழுக்க அவர் பேசியது ஒன்றே ஒன்று: "பிரேக்க மெதுவாப் புடி." பேசாமல் வாயை மூடிக்கொண்டு வர முடியாதா என்று பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் விட்டேன். தகரம் என் கையையும்தான் உரசியது.

மண்டபத்தில் இறங்கிப் பார்த்தால் என் பட்டுச்சட்டையின் வலது கை கிழிந்து தொங்கியது. அவருக்கும் அதே இடத்தில் கிழிசல். கல்யாணப் படத்தில் பெண்ணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்கிறோம், இரண்டு பேரும் இடது கையால் வலது கையைப் பொத்திக்கொண்டு.

போன மாதம் சோமனூரில் அதே ரெக்சின் அகப்பட்டது. வாங்கி வந்து கார் டிக்கியிலேயே போட்டிருக்கிறேன். இந்த முறை இரண்டு பக்கத்துக்கும் பேட்டர்ன் வெட்டி வைத்தாயிற்று. திருப்பூரில் கட்டிங் மாஸ்டருக்கா பஞ்சம் என்று என் மனைவி கேட்கிறாள். பஞ்சமில்லை. கெடுத்தவர் வந்து கேட்டு வாங்கிப் போய் வெட்டித் தரட்டும். அதுவரை என் சட்டை எத்தனை கிழிந்தாலும் சரி.